புதருக்குள் ஒரு டப்பா: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் முழங்கால் வலிக்கு வழி கேட்டிருந்தார். பதில் சொல்லும் சாக்கில், நான் சனிக்கிழமைதோறும் ஜியோகேச்சிங் போவதால் என் கால் ஓரளவு ஓடுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டேன். முழங்காலை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வந்த கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க டப்பா விஷயம்.

கேள்வி (ரெடிங் வாசகி): இரண்டு மாதமாக என் கணவர் பால் வாங்கப் போனால்கூட ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். சட்டையெல்லாம் முள் கிழித்திருக்கிறது. கேட்டால் ஜியோகேச்சிங் என்கிறார். நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது அம்மா, முள்ளை நம்பலாம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே மூடி வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசும் கிடையாது, பணமும் கிடையாது, அப்புறம் எதற்கு என்று கேட்டால் உங்கள் கணவரைப் போலவே நானும் திருதிருவென்று முழிப்பேன்.

பிறந்த கதை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலங்கலாக்கித்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே 2-ம் தேதி கிளின்டன் அரசு அந்தக் கலங்கலை நிறுத்தியது. மறுநாளே, மே 3-ல், டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டோரம் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து, எண்களை ஒரு இணையக் குழுவில் போட்டார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். மைக் டீக் என்பவர் முதலில் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேலே டப்பாக்கள் இருக்கின்றன, உங்கள் பால் கடை வழியில் நாலைந்து இருந்தால் ஆச்சரியமில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் இதையெல்லாம் நாங்கள் எப்போதோ செய்துவிட்டோம் என்பார்கள். டார்ட்மூர் பொட்டலில் 1854-லேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்னும் இடத்தில் ஒரு ஜாடியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக வழி செய்தார். செயற்கைக்கோள்தான் இல்லை.

கேள்வி (லெஸ்டர் வாசகர்): அண்ணா, ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஐந்து இடம் போனேன், ஐந்திலும் வெறுங்கை. பக்கத்தில் போனதும் போனில் வழிகாட்டும் அம்பு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றுகிறது. என் போன் சரியில்லையா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, அதை நீங்கள் தேவைக்கு மேல் நம்புகிறீர்கள். திறந்தவெளியில் போனின் ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், அடர்ந்த மரத்தடியிலும் உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலும் சமிக்ஞை எதிலெதிலோ பட்டுத் திரும்பி வருவதால் அதைவிட அதிகம். ஒளித்துவைத்தவர் எண் எடுத்த அன்று அவர் கருவிக்கும் இதே பிசகுதான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு பெரிய ஹால் அளவுக்கு வந்துவிடும். அந்த ஹாலுக்குள் அம்பு சொல்லும் எதற்கும் அர்த்தமில்லை, அது சொல்கிறதே என்று வலமும் இடமுமாகப் புதரை மிதித்துக்கொண்டிருந்தால் செடிதான் சாகும்.

நான் செய்வது இதுதான். தூரம் பத்து மீட்டர் என்று காட்டியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். நின்ற இடத்தில் நின்று ஒரு நிமிடம் சும்மா பார்ப்பேன். ஒளித்தவரும் மனுஷன்தானே, சட்டைப் பையில் டப்பாவோடு இங்கே வந்து நின்றவர் எங்கே குனிந்திருப்பார்? கால் வழுக்காமல் கை போகிற இடம் எது? மரத்தடியில் குச்சிகள் தானாக விழுந்தால் கன்னாபின்னாவென்று கிடக்கும், ஒரே நீளத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாற்போல் கிடந்தால் யாரோ அடுக்கியது. கல்லின் ஈரப்பக்கம் மேலே இருந்தால் அது சமீபத்தில் புரட்டிய கல். புல்லுக்குள் எங்கும் போகாத ஒற்றையடித் தடம் ஒன்று பாதியில் நின்றால், அது நம்மைப் போன்றவர்கள் போட்ட தடம்.

எனக்கும் இது லேசில் வரவில்லை. முதல் குளிர்காலத்தில் ஒரு கால்வாய்க் கரை பெஞ்சைச் சுற்றி ஐம்பது நிமிடம் செலவழித்தேன். துப்பு என்று போட்டிருந்தது ஒரே சொல், காந்தம். பலகைக்கு அடியில் கையை விட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒட்டிய சூயிங்கம். கால்களைத் தடவினேன், பின்பக்கம் தடவினேன், பக்கத்துக் குப்பைத் தொட்டியைக்கூடத் தடவினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் களைத்துப் போய் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தபோதுதான் போல்ட்டுகளை எண்ணினேன். எட்டு. ஏழில் துரு, ஒன்றில் இல்லை. அந்த ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது, உள்ளே குழி, குழிக்குள் சுருட்டிய காகிதம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இன்னும் விடவில்லை.

ஆனால் நீங்கள் அப்படிப்பட்டதில் ஆரம்பிக்கக் கூடாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் போட்டிருப்பார்கள், கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், போய்ச் சேர எவ்வளவு கஷ்டம். ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை அரையாக ஏறும். இரண்டும் ஒன்றரையைத் தாண்டாததாகப் பாருங்கள். அளவும் போட்டிருக்கும். மைக்ரோ என்றால் பழைய பிலிம் ரோல் டப்பா சைஸ், அதை முதல் மாதம் தொடாதீர்கள். ரெகுலர் என்றால் ஒரு லிட்டருக்கு மேலே, சாம்பார் வாளி ஒளிந்திருக்கிற மாதிரி, கண்ணில் படாமல் போகாது. அப்புறம் மற்றவர்கள் எழுதிய பதிவுகளைப் படியுங்கள். கடைசியாக எடுத்தது போன வாரம் என்றால் இருக்கிறது. கடைசி நாலு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் டப்பாவே அங்கே இல்லாமல் இருக்கலாம், உங்கள் ஐந்தில் குறைந்தது இரண்டு அந்த வகையாக இருக்கும் என்பது என் சந்தேகம். துப்பைப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கிடைக்காததையும் கிடைக்கவில்லை என்றே பதிவு போடுங்கள், அதைப் பார்த்துத்தான் வைத்தவர் வந்து சரிபார்ப்பார்.

கேள்வி (மில்டன் கீன்ஸ் வாசகர்): எண்களை வேறொரு மேப்பில் கையால் போட்டேன். ஒரு கார் கம்பெனி வாசலில் கொண்டுபோய் விட்டது.

நீங்கள் நிமிடத்தையும் விநாடியையும் குழப்பியிருப்பீர்கள். இந்த விளையாட்டில் எண்கள் பாகை, அப்புறம் தசம நிமிடம் என்று இருக்கும். 51 பாகை 28.500 நிமிடம் என்றால் இருபத்தெட்டரை நிமிடம், அதாவது 28 நிமிடம் 30 விநாடி. அதை 28 நிமிடம் 50 விநாடி என்று போட்டால் இருபது விநாடி வடக்கே போய்விடும். அட்சரேகையில் ஒரு விநாடி கிட்டத்தட்ட 31 மீட்டர், ஆக அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பீர்கள். அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், புள்ளியைத் தொடாதீர்கள்.

கேள்வி (ஹாரோ வாசகர்): தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கலாமா? நல்லதாக வாங்கினால் இருநூறு பவுண்டுக்கு மேல் ஆகிறதே.

வேண்டாம். ஐம்பது டப்பா எடுத்தபிறகு கேளுங்கள், அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள். ஒரு பவர் பேங்க், காட்டுக்குப் போகுமுன் வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்த வரைபடம், ஒரு சாமணம், பேனா. பேனாவை எல்லோரும் மறக்கிறார்கள். மூன்று மைல் நடந்து போய் டப்பாவைத் திறந்துவிட்டு, பெயரெழுத ஒன்றும் இல்லாமல் சேற்றையும் குச்சியையும் வைத்து முதலெழுத்தைக் கீறியவன் நான். ஈரக் காகிதத்தில் பேனாவைவிடப் பென்சில் எழுதும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகி): மேம்பாலக் கைப்பிடியில் ஒரு நேனோ டப்பா எடுத்தேன். காகிதத்தை வெளியே எடுத்தபின் திரும்ப உள்ளே போகவே மாட்டேன் என்கிறது!

சட்டைப் பொத்தான் அளவு டப்பா, அதற்குள் பீடியைவிடச் சின்னதாகச் சுருட்டிய காகிதம், யாருக்குமே ஒரு தடவையில் போகாது. சாமணத்தின் ஒற்றைக் காலில் நுனியைப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, காகிதத்தை மூடிக்குள் முதலில் செருகி அப்புறம் அடிப்பாகத்தைத் திருகுங்கள். வியர்வைக் கையோடு செய்யாதீர்கள், உங்கள் ஊரில் அது சாத்தியமில்லை என்பது தெரியும்.

கேள்வி (சௌத்ஹால் வாசகி): டப்பாவுக்குள் இருந்த குட்டிக் காரை என் மகன் எடுத்துக்கொண்டான். அது திருட்டா? எண் பொறித்த ஒரு காசும் இருந்தது, அதையும் கொண்டுவந்துவிட்டான்.

கார் திருட்டில்லை, அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ எதையாவது வைக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை பையில் நாலு கோலி, ஒரு சாவிக்கொத்து கொண்டுபோங்கள். தின்பண்டம் மட்டும் வைக்கவே கூடாது, சாக்லேட் வாசனைக்கு எலியும் நரியும் வந்து டப்பாவையே கடித்துக் குதறிவிடும். முதல் வாளியில் பீன்ஸ் டின் இருந்ததே என்று கேட்காதீர்கள், அன்றைக்கு விதி எழுத ஆளில்லை.

காசு வேறு கதை. அதில் உள்ள எண் அதன் அடையாளம், அதற்கு உரிமையாளர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து அது இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். நாய்க்குக் கழுத்தில் மாட்டுகிற தகடு மாதிரியும் வரும். வைத்துக்கொள்ள அல்ல, கடத்திவிட. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அது எங்கே போக ஆசைப்படுகிறது என்று எழுதியிருக்கும். சில வாரத்துக்குள் வேறொரு டப்பாவில் போட்டு, போட்டதைப் பதிவும் செய்துவிடுங்கள். மகன் அழுவான், அவனுக்கென்றே ஒன்று வாங்கி எண்ணோடு அனுப்பிவிடுங்கள், அது ஊர் ஊராகப் போவதைப் பார்க்க ஆரம்பித்தால் காரையே மறந்துவிடுவான்.

கேள்வி (பர்மிங்ஹாம் வாசகர்): சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பூங்காவில் போனைப் பார்த்துக்கொண்டு புதருக்குப் பக்கத்தில் சுற்றினால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் நிறம் வேறு. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நிறுத்தாதீர்கள். உங்கள் தயக்கம் கற்பனை என்றும் சொல்லமாட்டேன். இந்த விளையாட்டு தெரியாத பொதுமக்களை இவர்கள் மகிள் என்பார்கள், மகிள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஒளிந்து ஒளிந்து எடுப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவதில்லை என்பது மட்டும் கையேட்டில் இருக்காது. 2011-ல் யார்க்ஷயரில் வெதர்பி என்ற சின்ன ஊரில், ஒரு காபிக் கடைக்கு வெளியே யாரோ எதையோ வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்லி, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தார்கள். வெடித்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா.

அதனால் நான் பதுங்குவதே இல்லை. பதுங்கினால்தான் சந்தேகம். நேராக நின்று, சாவகாசமாக, ஏதோ அளக்க வந்தவன் மாதிரி தேடுவேன், யாராவது முறைத்தால் நானே முந்திக்கொண்டு வணக்கம் சொல்லிப் போன் திரையைக் காட்டிவிடுவேன். பத்தில் எட்டுப் பேர் கூடவே குனிந்து தேட ஆரம்பிக்கிறார்கள். போலீஸ் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், விளையாட்டு ரகசியம் என்று மழுப்பாதீர்கள். ஆரம்பத்தில் கூட ஒரு ஆளோ நாயோ இருந்தால் நல்லது. பள்ளிக்கூட வேலி, குழந்தைகள் ஊஞ்சல் இருக்கும் இடம், யார் வீட்டு ஜன்னலோ நேராகப் பார்க்கிற இடம், இங்கெல்லாம் எண் கொண்டுபோய் விட்டால் தேடாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு டப்பா போனால் போகிறது.

கேள்வி (குரோய்டன் வாசகி): இந்தச் செடியெல்லாம் என்ன, கை தீயாய் எரிகிறதே?

நெட்டில். சொந்தமில்லாவிட்டாலும் நம்மூர்க் காஞ்சொறி மாதிரியே பட்டால் எரியும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை முழுக்கை, முழுக்கால் உடுப்பு, தோட்டக் கையுறை. அதைவிட உண்ணிக்குப் பயப்படுங்கள், அதுதான் லைம் நோயைக் கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் பார்த்துவிடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி (ஸ்லோ வாசகர்): டிசம்பரில் சென்னை போகிறோம். அங்கே தேடலாமா? நானே ஒன்று வைத்துவிட்டு வரலாமா?

தேடலாம், இந்தியாவிலும் உண்டு, இங்கே மாதிரி தெருவுக்கு நாலு கிடைக்காது. போகுமுன் கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள், மழைக்காலம் தாண்டியும் யாராவது எடுத்திருந்தால் போகலாம். டப்பாவே இல்லாத வகையும் உண்டு, அந்த இடத்துப் பாறையையோ மண்ணையோ பார்த்து நாலு கேள்விக்குப் பதில் அனுப்புவது, எர்த்கேச் என்பார்கள். குடும்பத்தோடு போனால் அதுதான் நிம்மதி, யாரும் எதற்கடா தோண்டுகிறாய் என்று கேட்கமாட்டார்கள்.

நீங்கள் வைத்துவிட்டு வருவது கூடாது. நனைந்துபோனாலோ காணாமல்போனாலோ பார்க்க ஆள் வேண்டும், ஸ்லோவிலிருந்து எப்படிப் பார்ப்பீர்கள்? விடுமுறையில் போன இடத்தில் வைப்பதைத் தளமும் பொதுவாக அனுமதிப்பதில்லை. இன்னொன்று, மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி உங்களிடம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுபோவது குற்றம், விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு விளையாட்டு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி (லூட்டன் வாசகர்): பன்னிரண்டு டப்பா எடுத்துவிட்டேன். இனி சொந்தமாக வைக்கலாம் அல்லவா?

அவசரப்படாதீர்கள். இன்னும் ஒரு ஐம்பது எடுங்கள், அதில் பாதி உங்களை எரிச்சல் மூட்டும், ஏன் எரிச்சல் மூட்டியது என்று தெரிந்தபிறகு வையுங்கள். இன்னொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அது மைலில் பத்தில் ஒரு பங்கு. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். எண்களை ஒரே தடவை எடுத்துவிட்டு வந்துவிடாமல், வேறு வேறு நாளில் நாலைந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள், லெஸ்டர் தம்பி மாதிரி ஆட்கள் உங்களைத் திட்டாமல் இருப்பார்கள். டப்பா தண்ணீர் புகாததாக இருக்கட்டும். டேக் அவே கறி வந்த டப்பா வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மசாலா மணம் போகாது, இரண்டு குளிர்காலத்தில் விரிசல் விடும். நான் வைத்த முதல் டப்பா அதுதான். மார்ச்சில் போய்ப் பார்த்தபோது உள்ளே காகிதம் கூழாகிக் கிடந்தது.

கேள்வி (வெம்ப்லி வாசகர்): போன மாதம் முழங்கால் வலி பற்றிக் கேட்டது நான்தான். என்னை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். என் காலை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டுக்கு வர முடியுமா, அதையாவது சொல்லுங்கள்.

மன்னிக்க வேண்டும் ஐயா. வரலாம். போய்ச் சேரும் கஷ்டத்துக்கான மதிப்பெண்ணில் ஒன்று என்று போட்டிருந்தால் சக்கர நாற்காலியிலேயே போய் எடுக்கலாம் என்று அர்த்தம். ஒன்றரைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, படியோ சேறோ இருக்கலாம். ஆகவே சரியாக ஒன்று என்பதை மட்டும் சலித்துப் பாருங்கள். இங்கே தேவாலயங்களுக்குப் பக்கத்தில் வைக்கும் சர்ச் மைக்ரோ என்ற பெரிய வரிசை ஒன்று இருக்கிறது, அதில் பல தார்ச்சாலை ஓரத்திலேயே இருக்கும், உட்காரப் பெஞ்சும் இருக்கும். டப்பா சின்னதுதான், அவசரம் இல்லாதவருக்கு அது ஒரு பொருட்டில்லை. முதலில் பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை அடி என்று பாருங்கள், குனிய முடியாவிட்டால் துப்பில் இடுப்பு உயரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பேனாவை மறக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள், டப்பா எடுத்தால் முழங்கால் சரியாகிவிடும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.